எல்.எஸ்.டி.

மூன்று எழுத்தும் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தவை. முழுப்பெயர் லிசெர்க்-ஸாய்ரே-டைஎத்திலமிட். நடுவிலுள்ள எஸ், அமிலத்தைக் குறிக்கும் 'ஸாய்ரே'. 'லிசெர்க்' என்பதில் இரண்டு சொற்கள் ஒட்டிக் கிடக்கின்றன: சிதைத்தலைக் குறிக்கும் கிரேக்க 'லைசிஸ்', பிரெஞ்சு 'எர்காட்'. ரை தானியக் கதிரில் மணிக்குப் பதிலாகக் கறுத்துத் துருத்தி நிற்கும் பூஞ்சைக்கு அந்தப் பெயர். சேவலின் கால்முள் என்று பொருள். (நம் கம்பில் வரும் தேன் ஒழுகல் நோய் இதன் பங்காளிப் பூஞ்சையின் வேலை.) எர்காட் பூஞ்சையின் ஆல்கலாய்டுகளைச் சிதைத்தால் லைசெர்ஜிக் அமிலம் கிடைக்கும். அதனோடு டைஎத்திலமைனை இணைத்தால் எல்.எஸ்.டி. ஆகவே இதை முழுச் செயற்கை என்பது சரியல்ல; பாதி வயல், பாதி ஆய்வகம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் நிறுவன வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் இதை 1938இல் உருவாக்கினார். லைசெர்ஜிக் அமிலத்திலிருந்து உருவாக்கிய சேர்மங்களின் வரிசையில் 25ஆவது என்பதால் எல்.எஸ்.டி.-25. மனத்தை மயக்கும் அதன் விளைவு தெரிய வந்ததோ 1943இல், அதுவும் தற்செயலாக. 1971ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை இதை முதல் அட்டவணையில் வைத்தது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி 0.1 கிராமைத் தாண்டினாலே அது 'வணிக அளவு'. குறைந்தது பத்தாண்டுச் சிறை.