மதில் சுவரிலிருந்து ஆர் மொழி வரை

ஸ்ரீரங்கம் கோயில் சுவர்களில் கல்வெட்டு இருப்பது திருச்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவற்றுக்குக் கால வரிசை கிடையாது. இடம் கிடைத்த கல்லில் எல்லாம் பொறித்திருக்கிறார்கள். சோழர் காலத்து விளக்குத் தானமும் ஹொய்சளர் நிலக்கொடையும் விஜயநகரத்தார் திருப்பணியும் கலந்தே கிடக்கின்றன. 1982இல் வந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ 24ஆம் தொகுதி இவற்றை அரச வம்சவாரியாகப் பிரித்துத் தந்தது. புள்ளியியலுக்கான கணினி மொழியான ஆர் மொழியில் ‘ஸ்பிளிட்’ என்ற கட்டளை செய்வதும் இதைத்தான்: கலந்து கிடக்கும் தரவைக் குழுவாரியாகத் தனித்தனி வெக்டர்களாக, அதாவது மதிப்புகளின் வரிசைகளாகப் பிரிப்பது.

இந்த வேலை கணினிக்கு வெகு முந்தியது. 1871இல் பவேரியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேயோர்க் ஃபான் மாயர் ஆளுக்கொரு சீட்டு எழுதவைத்தார். பேரேட்டில் கோடு போட்டு எண்ணுவதற்குப் பதில் சீட்டுகளையே வகைவகையாக அடுக்கி எண்ணலாம். அமெரிக்காவில் ஹெர்மன் ஹொலரித், ரயில் பயணச்சீட்டில் நடத்துநர் துளை போட்டுப் பயணியின் அடையாளத்தைக் குறித்ததைப் பார்த்து, ஆளுக்கொரு துளை அட்டை செய்தார். 1890 கணக்கெடுப்பில் அட்டையை இயந்திரத்தில் அழுத்தினால் பிரிப்புப் பெட்டியின் உரிய மூடி தானே திறந்தது. அவருடைய நிறுவனம்தான் பின்னாளில் ஐபிஎம் ஆயிற்று.

இந்தியாவுக்கு வந்தது இயந்திரமல்ல, பவேரியாவின் சீட்டு. 1901 கணக்கெடுப்பில் மதத்துக்கொரு நிறமாகச் சீட்டெழுதி, தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிப்பதுபோல் அறைகளில் போட்டு எண்ணினார்கள். திருச்சினாப்பள்ளி மாவட்டத்து மக்களும் அப்படித்தான் சீட்டுகளாகிப் பிரிந்தார்கள்.

பிரித்துப் பார்ப்பதால் என்ன தெரியவரும் என்பதற்கு என் பார்வையில் மிகச் சிறந்த சான்று நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா திருச்சிக்கு மேற்கே உள்ள அல்லூர், ஈசானமங்கலம் கல்வெட்டுகளைத் தனித்தனியே வைத்து ஆராய்ந்து, 1966இல் கட்டுரை வெளியிட்டார். வேளாளர் ஊரான அல்லூரில் நிலம் பொதுவில் இருந்ததும், பிராமணர்களுக்குத் தானமாக அளித்த பிரம்மதேயமான ஈசானமங்கலத்தில் தனியாருடைமையாக இருந்ததும் அப்போதுதான் துலங்கின. இரண்டையும் கலந்தே படித்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது. பின்னர் அவர் எ. சுப்பராயலுவுடனும் தோரு மத்சுயியுடனும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைக் கணினியில் தொகுத்தார். அந்தப் பெயரடைவு 1978இல் மதுரையில் மூன்று தொகுதிகளாக வந்தது.

அதற்குள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழுவினர் 1976இல் ‘எஸ்’ என்ற புள்ளியியல் மொழியைத் தொடங்கியிருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் அதன் நடையைப் பின்பற்றி ஆர் மொழியை எழுதினார்கள். 1995இல் அதை எல்லோருக்கும் கட்டற்ற மென்பொருளாகக் கொடுத்தார்கள். அதே ஆக்லாந்தில் படித்த ஹேட்லி விக்கம், பிரித்து, கணக்கிட்டு, சேர்க்கும் முறையை 2011இல் ஒரு கட்டுரையாக விளக்கினார். பைதான் என்ற கணினி மொழியில் தரவைக் கையாளும் பாண்டாஸ் நிரல் தொகுப்பும் ஆர் மொழியிடம் நிறையக் கற்றுக்கொண்டது.

ஆர் மொழியில் ‘அன்ஸ்டாக்’ என்றொரு கட்டளையும் உண்டு. குழுக்கள் சம அளவில் இருந்தால் அவற்றைப் பக்கம் பக்கமாக நிறுத்தி அட்டவணையாகத் தரும். இல்லையென்றால் பட்டியலாக விட்டுவிடும். கல்வெட்டுகள் வம்சத்துக்கு வம்சம் சம எண்ணிக்கையில் கிடைப்பதில்லை. ஆகவே ஸ்ரீரங்கத்துக்குப் பட்டியல்தான் கிடைக்கும்.

திருச்சிக் கல்லூரிகளில் புள்ளியியல் படிக்கும் மாணவர்களே, பாடநூலில் வரும் அயல்நாட்டுத் தரவை ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். 24ஆம் தொகுதியிலிருந்து அரசன், ஆட்சியாண்டு, தானப் பொருள் என்று மூன்று பத்திகள் தட்டச்சு செய்து, ஸ்பிளிட் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்.