கஹ்ஃப் ஸூராவும் இரண்டு பழஞ்சல்லிகளும்

வெள்ளிக்கிழமை வந்தால் ஸூரத்துல் கஹ்ஃப் ஓதுவது நம்மவர்களிடம் ஊறிப்போன வழக்கம். அதில் குகைத்தோழர்கள் உறக்கம் கலைந்து எழும்பியதும் செய்கிற முதல் வேலை, தம்மில் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்துச் சாப்பாடு வாங்க நகரத்துக்கு அனுப்புவதுதான். 19ஆம் வசனம் அந்தக் காசை ‘வரிக்’ என்கிறது. அது யாருடைய காசு, அதில் என்ன பொறித்திருந்தது என்பதைக் குர்ஆன் சொல்லவில்லை. தப்ஸீர்காரர்கள்தான் மிச்சத்தைச் சொல்கிறார்கள். கடைக்காரர் காசைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். அப்படியொரு முத்திரையை அவர் கண்டதே இல்லை. இவன் எங்கேயோ புதையல் எடுத்திருக்கிறான் என்று சந்தேகப்படுகிறார். சனம் கூடிவிடுகிறது. இப்னு கதீரின் தப்ஸீரிலும் இந்தக் கதை உண்டு. அரசனின் பெயர் தக்யானூஸ்.

இந்த இடத்தை ஓதும்போது பழங்காசு சேர்க்கும் பழக்கம் உள்ள ஒருவருக்கு மற்றவர்களுக்கு வராத ஒரு கேள்வி வரும்: அந்தச் சல்லியில் கடைக்காரர் எதைக் கண்டு திகைத்தார்?

தக்யானூஸ் என்பது உரோமப் பேரரசன் டீசியஸின் பெயர் அரபில் திரிந்த வடிவம். கி.பி. 249 முதல் 251 வரை ஆண்டவன். பேரரசில் உள்ளவர்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், இட்டதற்குச் சான்றுப் பத்திரமும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டவன் இவன்தான். அந்தப் பத்திரங்களில் சில எகிப்தின் மணலுக்குள்ளிருந்து பப்பைரஸ் தாளிலேயே கிடைத்திருக்கின்றன. ஒரே இறைவனை நம்பியவர்கள் ஊரை விட்டு ஓடி ஒளிந்ததாகக் கதை சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

டீசியஸின் வெள்ளிக் காசு இன்று அரிய பொருளல்ல. உலகத்துச் சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதை அன்டோனினியானஸ் என்பார்கள். ஏறக்குறைய 4 கிராம் எடை. அதில் பாதிக்கும் குறைவாகவே வெள்ளி. முன்புறத்தில் ஒட்ட வெட்டிய தலைமயிரும் சுருக்கம் விழுந்த கன்னமுமாக ஒரு கிழட்டுப் போர்வீரனின் முகம். தலையில் சூரியக் கதிர் போல கூர்கூரான கிரீடம். பின்புறம் பல வகை: சிலவற்றில் டாசியா மாகாணம் ஒரு பெண்ணாகி, விலங்குத் தலை பொருத்திய கோலோடு நிற்கிறது. சிலவற்றில் செழிப்புத் தெய்வம் கொம்புக் கலத்திலிருந்து பொருளைக் கொட்டுகிறாள். இன்னும் சிலவற்றில் அரசன் குதிரை மேல் கை உயர்த்தி ஊருக்குள் வருகிறான். டீசியஸை அரியணையில் ஏற்றியவை டான்யூப் நதிக்கரைப் படைகள். அந்தப் படைகளையும் அந்த மாகாணங்களையும் புகழும் படங்களை அவன் காசெங்கும் அடித்து வைத்தான். சம்பளக் காசிலேயே சிப்பாய்க்கு நன்றி சொல்கிற வேலை அது.

இன்னொரு வரிசையும் உண்டு. அகஸ்டஸ், டிராஜன், மார்க்கஸ் அவுரேலியஸ் என்று செத்துப்போய்த் ‘தெய்வமாக்கப்பட்ட’ பழைய பேரரசர்களின் முகங்களை மீண்டும் பொறித்து, பின்புறத்தில் கழுகையோ பலிபீடத்தையோ வைத்த காசுகள். அறிஞர்கள் பெரும்பாலும் இவற்றை டீசியஸ் காலத்தவை என்றே கொள்கிறார்கள். மனிதனைத் தெய்வமாக்கிய அரசு அதை எப்படிக் கைக்குக் கை கடத்தியது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் வேண்டுமா?

கிறிஸ்தவ மரபிலும் இதே கதை இருக்கிறது. அதில் எபேசு நகரத்து இளைஞர்கள் விழிப்பது இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில். அவன் ஆட்சி கி.பி. 408 முதல் 450 வரை. அந்த நேரம் சந்தையில் கதிர்க்கிரீடம் கிடையாது. செழிப்புத் தெய்வமும் கிடையாது. தங்கக் காசில் வெற்றித் தேவதை நீண்ட சிலுவையைப் பிடித்து நிற்கிறாள். சில்லறையோ சுண்டுவிரல் நகத்தளவு செப்புச் சல்லி. பலவற்றில் இலைமாலைக்குள் ஒரு சிலுவை, வேறொன்றும் இல்லை. வெள்ளிக்காசு அன்றாட யாவாரத்தில் காணக் கிடைப்பதே அருமை. இப்படிப்பட்ட சல்லிகளையே எண்ணிப் பழகிய கடைக்காரரின் கையில் டீசியஸின் வெள்ளியை வைத்தால் அவர் திகைக்காமல் என்ன செய்வார்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டீசியஸுக்கும் தியோடோசியஸுக்கும் இடையே இரு நூற்றாண்டு கூட முழுதாய் இல்லை. குர்ஆனோ முந்நூறும் அதனோடு ஒன்பதும் என்கிறது. ஆகவே அரசர்களின் பெயர்களை மரபுக்கதையின் பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். காசைக் காட்டி வஹீயை அளக்கப் போகக் கூடாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் அதே ஸூராவோடு தொடர்புபடுத்தப்படும் இரண்டாவது காசு. காசு சேர்க்கும் ஒரு நானா தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, “இது துல்கர்னைன்ட காசு, கொம்பப் பாருங்க, வேற ஆதாரம் என்னத்துக்கு?” என்றார். படத்தில் இருந்தது லைசிமாக்கஸின் டெட்ராடிராக்மம். நல்ல கனமான வெள்ளிக் காசு, 17 கிராம் வரும். முன்புறத்தில் மகா அலெக்சாந்தரின் தலை. காதைச் சுற்றி ஆட்டுக்கடாவின் கொம்பு வளைந்து இறங்குகிறது. பக்கவாட்டு முகம் என்பதால் தெரிவது ஒரு கொம்புதான். கிரேக்கச் சிற்பியின் கைத்திறனுக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு நாணய உலகில் குறைவு என்பேன். மேல் நோக்கிய கண், சற்றே திறந்த வாய், பறக்கும் முடி.

கொம்பு எங்கிருந்து வந்தது? கி.மு. 331இல் அலெக்சாந்தர் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் ஸீவா சோலைக்குப் போனான். அங்குள்ள அம்மோன் தெய்வத்தின் பூசாரிகள் அவனை அத்தெய்வத்தின் மகன் என்று வரவேற்றதாகப் பேச்சு. அம்மோனுக்கு அடையாளம் ஆட்டுக்கடாக் கொம்பு. ஆனால் அலெக்சாந்தர் தன் வெள்ளிக் காசில் இந்தக் கொம்பை வைக்கவில்லை. அவற்றில் சிங்கத்தோல் போர்த்த ஹெராக்ளிஸின் தலையும் சிம்மாசனத்தில் ஸியூஸும்தான். லைசிமாக்கஸின் காசு அலெக்சாந்தர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு வந்தது. லைசிமாக்கஸ் அவனுடைய படைத்தலைவர்களில் ஒருவன். அரச இரத்தம் இல்லாதவன். பங்குச் சண்டையில் திரேஸையும் பிறகு ஆசியா மைனரின் பெரும்பகுதியையும் பிடித்துக்கொண்டான். உரிமை கேட்டால் காட்ட ஒன்றும் கையில் இல்லை. அதனால் இறந்த அரசனைத் தெய்வமாக்கி முன்புறத்தில் வைத்தான். பின்புறத்தில் அதீனா தெய்வம் அமர்ந்திருக்க, அவள் கையிலுள்ள வெற்றித் தேவதை எழுத்தில் இருக்கும் ‘லைசிமாக்கஸ்’ என்ற பெயருக்கே முடி சூட்டுகிறாள். பெயருக்கு முடி சூட்டுகிற படம்! என்ன தந்திரம் பாருங்கள். இந்தக் காசு அடிக்கப்பட்ட ஊர்களில் எபேசுவும் ஒன்று.

ஆக, இந்தக் காசு சாட்சி சொல்வது லைசிமாக்கஸின் தேவையைப் பற்றி. துல்கர்னைன் யார் என்ற கேள்விக்கு அதில் விடை தேட முடியாது. இப்னு கதீர் துல்கர்னைனையும் மக்கதோனிய அலெக்சாந்தரையும் ஒருவராக்குவதை மறுத்தார். மௌலானா அபுல் கலாம் ஆஸாத் பாரசீகத்து ஸைரஸைக் காட்டினார். தன்னைத் தெய்வத்தின் மகனாகக் காட்டிக்கொண்டவனின் உருவத்தைக் கொண்டுவந்து, அல்லாஹ்வை நம்பிய ஓர் அரசருக்கு ஆதாரம் என்று நீட்டுவதில் உள்ள முரண்பாடு அந்த நானாவுக்குப் படவில்லை. ஆசைதான் காரணம். இது நமக்கு மட்டும் உள்ள ஆசையும் அல்ல. மேற்கில் திபேரியஸின் வெள்ளிக் காசைப் பைபிளில் வரும் வரிக்காசு என்று சொல்லி யாவாரிகள் விலை ஏற்றி விற்கிறார்கள். கதை ஒட்டிய காசுக்குப் பெறுமதி கூடுகிறது. பெறுமதி கூடிய இடத்தில் கள்ளக் காசும் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கார்ல் பெக்கர் என்பவர் கிரேக்க, உரோமக் காசுகளுக்குத் தானே அச்சு வெட்டி அடித்தார். வேலைப்பாடு அவ்வளவு சுத்தம். இன்று அவருடைய கள்ளக் காசுகளையே தேடி வாங்குகிறார்கள்.

பழங்காசு சேர்ப்பது புதிய பைத்தியமல்ல. அகஸ்டஸ் பண்டிகை நாட்களில் பழைய அரசர்களின் காசுகளைப் பரிசாகக் கொடுத்தான் என்று சுவேட்டோனியஸ் எழுதியிருக்கிறார். இத்தாலியக் கவி பெத்ரார்க் 1354இல் பேரரசன் நான்காம் சார்ள்ஸைச் சந்தித்தபோது உரோமக் காசுகளைக் கையில் கொடுத்து, இவர்களைப் போல ஆள வேண்டும் என்று புத்தி சொன்னார். முகங்களை முன்மாதிரிகளாக வாசித்த காலம் அது. பிறகு வியன்னாவில் எக்கல் 1792 முதல் 1798 வரை எட்டுத் தொகுதிகளில் காசுகளை ஊர் ஊராக, அரசு அரசாக வகைப்படுத்திய பிறகுதான் இது ஒழுங்கான கல்வித்துறை ஆனது.

முகங்களின் இந்த நீண்ட வரிசையில் ஒரு முறிவு உண்டு. அது நமது வரலாறு. தீனார் என்ற சொல் உரோமரின் தெனாரியஸிலிருந்தும், திர்ஹம் கிரேக்கரின் திராக்மையிலிருந்தும் வந்தவை. இரண்டும் குர்ஆனில் இடம்பெற்றவை. கலீபா அப்துல் மலிக்கின் முதல் தங்கக் காசுகள் ஹெராக்ளியஸின் காசைப் பார்த்து அடித்தவை: முன்புறத்தில் நிற்கும் மூன்று உருவங்கள், பின்புறத்தில் படிகளின் மேல் சிலுவை. குறுக்குச் சட்டத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். படிமேல் ஒரு கம்பம் மிஞ்சியது. அடுத்து, வாளைப் பிடித்து நிற்கும் கலீபாவின் உருவம் சில ஆண்டு ஓடியது. ஹிஜ்ரி 77இல் உருவம் முழுதாகப் போய் எழுத்து மட்டும் வந்தது, எடை 4.25 கிராம். ஆயிரம் வருடத்துக்கு மேல் மத்தியதரைக் கடலைச் சுற்றி ஓடிய முகங்கள் ஒரே ஆண்டில் கலீபாவின் தங்கத்திலிருந்து நீங்கின. நடுவில் உள்ள அந்தத் தடுமாற்றக் காசுகளைத்தான் நான் அதிகம் விரும்பிப் பார்ப்பேன். ஓர் அரசு தன் மொழியைத் தேடுவது அவற்றில் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த உருவங்கள் நமது தீவையும் எட்டியிருக்கின்றன. கி.பி. முதலாம் நூற்றாண்டில் பிளினி ஒரு செய்தி எழுதினார். செங்கடல் வரிக்குத்தகைகாரனான அன்னியஸ் புளோக்காமஸின் விடுதலையான அடிமை ஒருவன் காற்றில் அடிபட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தான். அவனிடமிருந்த தெனாரியஸ் காசுகளை இங்குள்ள அரசன் பார்த்தான். முகங்கள் வேறு வேறு, ஆகவே வெவ்வேறு அரசர்கள் அடித்தவை, எடையோ ஒன்று. அந்த நேர்மைக்காகவே கிளோடியஸிடம் தூது அனுப்பினானாம். பிளினியின் கதையில் உரோமப் புகழ் கலந்திருக்கும்தான். என்றாலும் முகத்தையும் எடையையும் ஒப்பிட்டு வாசிக்கிற ஒரு கண் அதில் இருக்கிறது. நல்ல சேகரிப்பாளனின் கண்.

மண்ணுக்குள் கிடைப்பதோ வேறு. இலங்கையில் ஆயிரக்கணக்கில் வருபவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் செப்புச் சல்லிகள். மாத்தறைக்கு அருகே நைமனையில் கிடைத்த குவியல் அவற்றில் ஒன்று. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலில் இவற்றை விரிவாகப் பதிந்திருக்கிறார். தியோடோசியஸ் காலத்துச் சல்லியும் இவற்றுள் அடக்கம். எபேசுக் கடைக்காரரின் பெட்டியில் எந்த வகைச் சில்லறை கிடந்திருக்குமோ, அதே வகைதான் நமது தென்கரை மண்ணிலும் கிடக்கிறது.

இவற்றுக்கு ஏலத்தில் பெரிய விலை இல்லை. அதனால் வளவு வெட்டும்போதோ கிணறு தோண்டும்போதோ கிடைத்தால் புளி போட்டுத் தேய்த்துப் பார்ப்பார்கள், பிறகு பழஞ்செம்புக்காரனிடம் போட்டுவிடுவார்கள். தேய்த்தால் பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி இப்படிக் கிடைப்பதைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, எந்த வளவில், எந்த ஆழத்தில், எந்தச் சட்டி ஓட்டோடு, எத்தனை சல்லி சேர்ந்து கிடந்தன என்பது போய்விட்டால், மிஞ்சுவது எங்கும் வாங்கக்கூடிய ஒரு தேய்ந்த செம்புத் துண்டு. துறைமுகச் சந்தையில் அது ஓடியதா, உருக்குவதற்காக மூடையில் வந்ததா என்று பிறகு யாரிடம் கேட்பது?

அந்தக் குவியல்களில் உரோமச் சல்லிகளோடு, இங்கேயே அவற்றைப் பார்த்து அடித்த சல்லிகளும் கலந்திருக்கின்றன. அடித்தவருக்கு இலத்தீன் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பேரரசனின் பெயர் இருந்த இடத்தில் வரிசையாகச் சில கோடுகள், முகம் இருந்த இடத்தில் ஒரு வளைவும் சில புள்ளிகளும். அந்தச் சல்லிக்கும் சந்தையில் சாமான் கொடுத்திருக்கிறார்கள்.