போர்க்கால வானலையில் தமிழ்

பண்டைக் காலத் தூது மன்னரிடம் சென்றது. அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் சென்றது அவ்வகையது. இரண்டாம் உலகப் போரிலோ தூது குடிமக்களின் செவியைத் தேடி வானலையில் வந்தது. அத்தூதின் மொழிகளுள் தமிழும் ஒன்று.

இலண்டன் பி.பி.சி. 1941 மே 3இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. தமிழ்ப் பற்றினால் அன்று. போர் நெருக்கடியில் நம்மவர் மனம் பிரித்தானியாவை விட்டு விலகலாகாது என்பதனால். மறு ஆண்டு சுபாஷ் சந்திரபோஸின் ஆஸாத் ஹிந்த் வானொலி ஜேர்மனியிலிருந்து ஒலித்தது. அதுவும் தமிழிற் பேசிற்று.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. 1943 ஒக்டோபர் 21இல் போஸ் அங்கே தற்காலிக அரசை அறிவித்தார். மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையாக அவருடைய படையிற் சேர்ந்தனர். அவர்களின் தாகம் பொய்யன்று. ஆனால் யப்பானியர் உலகுக்குக் காட்டியது அந்த விடுதலைப் படையை. காட்டாமல் விட்டது சயாம்–பர்மா ரயில் பாதையை. அதே தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கில் அங்கே மடிந்தனர். இலண்டன் மட்டும் யோக்கியமோ? சுதந்திரத்துக்காகப் போரிடுவதாகச் சொன்ன அரசுதான் 1942 ஓகஸ்டில் காந்தியடிகளைச் சிறைவைத்தது.

எங்கள் தீவகத்திலிருந்து மலாயாவுக்கு உத்தியோகம் தேடிச் சென்றோர் பலர். சிங்கப்பூர் வீழ்ந்தபின் போர் முடியும்வரை, மூன்றரை ஆண்டுக் காலம், அவர்களிடமிருந்து கடிதமுமில்லை, காசுமில்லை என்று நாரந்தனை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வானொலி வைத்திருந்த வீடுகள் சொற்பம். அங்கே போய்க் கேட்டாலும் கப்பல் மூழ்கியதும் நகர் வீழ்ந்ததும் தெரியவரும். மகன் இருக்கிறானா என்பது தெரியவராது.

போர் முடிந்தபின் நடந்தவைதாம் சுவையானவை. நாரந்தனைக்கு அயலூரான கரம்பனிற் பிறந்த சோ. சிவபாதசுந்தரம் பி.பி.சி.க்குச் சென்றார். அந்த ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயரிட்டவர் அவரே. ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலையும் எழுதினார்.

மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் தன் படையினருக்காகக் கொழும்பில் ஒரு வானொலி நடத்தியது. அதற்கென ஏக்கலவில் நிறுவிய 100 கிலோவாற் சிற்றலைப் பரப்பி 1946இல்தான் இயங்கத் தொடங்கியது. போரோ முந்திய ஆண்டே முடிந்துவிட்டது! 1949இல் அது இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, தமிழகத்து நேயர்கள் பாட்டுக்காகக் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள்.