ஐம்பொறியும் அறிவுப் பொறியும்

பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலா கங்சார்த் தோட்டத்தில் 1877ஆம் ஆண்டு ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர் எங்கும் பெருகிய அம்மரம் தமிழ்த் தொழிலாளர் வாயில் பால்மரம் ஆயிற்று. அதன் பட்டையை ஒருமுறை மட்டும் சீவினால் பால் சிறிதே வரும். அடுத்தடுத்துச் சீவினால் மிகுதியாகச் சுரக்கும். அவ்வாறாயின், கத்தி பட்டதை மரம் அறியுமோ?

புல்லுக்கும் மரத்துக்கும் தொட்டறியும் ஓரறிவு உண்டென்பது தொல்காப்பிய மரபியலின் முடிபு. நத்தையினத்துக்குச் சுவையும், கறையான் எறும்புகளுக்கு மணமும், நண்டு தும்பிகளுக்குப் பார்வையும், விலங்குகளுக்குக் கேள்வியும் ஒவ்வொன்றாகக் கூடும். மக்களுக்கு மனம் ஆறாவது. நுட்பமாக உணர்ந்த முன்னோர் இம்முறையை வகுத்தனர் என்றே தொல்காப்பியர் கூறுகின்றார். எறும்புக்கும் கண்ணுண்டு என்பது இக்கால ஆய்வு கண்ட உண்மை. எனினும் இப்பகுப்பின் சிறப்பு அதன் அடைவில் உள்ளது. ஆறாமறிவு ஐம்புலனை விட்டு நிற்பதன்று, அவற்றின்மேல் நிற்பது.

எந்திரம் சிந்திக்குமா என்னும் வினாவை 1950இல் 'மைண்டு' இதழில் ஆராய்ந்தவர் ஆலன் டூரிங். இவர்தம் அன்னையார் கோவையை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர். டூரிங் தம் கட்டுரையின் முடிவில் இரு வழிகளைச் சுட்டினார். சதுரங்கம் போன்ற நுண்ணறிவுத் தொழிலிலிருந்து தொடங்கலாம் என்பது ஒன்று. எந்திரத்துக்குப் புலன்கருவிகளைப் பொருத்திக் குழந்தைக்குக் கற்பிப்பதுபோல மொழி கற்பிக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டையும் முயலவேண்டும் என்பதே அவர் கருத்து.

முதல்வழி விரைவில் வென்றது. 1997இல் 'டீப் புளூ' என்னும் கணிப்பொறி சதுரங்க வேந்தர் காஸ்பரோவைத் தோற்கடித்தது. ஆயினும், ஓராண்டுக் குழந்தை எளிதிற் செய்யும் காண்டலும் நடத்தலும் எந்திரத்துக்கு மிக அரியவை என்று ஹான்ஸ் மொராவெக் 1988இலேயே எடுத்துக்காட்டினார். இன்றைய மொழிப்பொறிகள் எண்ணிறந்த நூல்களைப் பயின்று புளியின் சுவையை அழகுற எழுதுகின்றன. புளியைச் சுவைத்த நா அவற்றுக்கில்லை.

தமிழில் பொறி என்னுஞ் சொல் புலன்வாயிலையும் எந்திரத்தையும் ஒருங்கே குறிக்கும். தொல்காப்பியர் காட்டிய ஏணியில் குழந்தை முதற்படியிலிருந்து ஏறுகிறது. எந்திரமோ ஆறாம் படியில் தொடங்கிக் கீழ்ப்படிகளைத் தேடுகிறது. ஆதலின் இலையைக் கையில் கொடுத்து, மோந்து பார்க்கச் செய்து, அதன்பின் 'இலை' என்று எழுதப் பழக்கும் ஆசிரியரின் முறை பழமையானதேனும் பொய்த்ததன்று. சொல்லைப் பொறியும் தரும். சொல்லுக்கு அடியில் நிற்கும் அறிவைக் குழந்தை தன் ஐம்பொறிகளாலேயே பெறவேண்டும்.