காசும் வாசியும்

சைவ நன்மக்கள் யாவரும் அறிந்த வரலாறு ஒன்று. திருவீழிமிழலையில் வற்கடம் வந்துற்ற காலத்து, திருஞானசம்பந்த சுவாமிகளும் திருநாவுக்கரசு சுவாமிகளும் அடியார்க்கு அமுதளித்தற்பொருட்டு, இறைவர் நாடோறும் படிக்காசு அருளினர். அரசுகள் பெற்ற காசு கடைவீதியில் உடனே செலவாயிற்று. பிள்ளையார் பெற்ற காசிற்கோ வணிகர் வாசி கேட்டனர். அதனால் அவர்தம் திருமடத்தில் அமுதாகும் வேளை தாழ்த்தது. பிள்ளையார் அக்குறை நீங்கத் திருப்பதிகம் பாடி நற்காசு பெற்றனர்.

இதன் அருட்பொருளைப் பெரியோர் பலர் விரித்துரைத்துளர். யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது வாசி என்னும் அவ்வொரு சொல்லே. நற்காசிற்கும் குறைக்காசிற்கும் உள்ள வேறுபாட்டிற்காகக் கழிக்கப்படும் வட்டமே வாசி எனப்படும். காசினைக் கண்டவாறே கொள்ளாது, தரமறிந்து கொள்ளும் வழக்கம் அந்நாளிலேயே நம் கடைவீதிகளில் இருந்ததென்பது இதனாற் போதரும்.

நாணயம் நோட்டம் பார்ப்பாரைப் பண்டையோர் வண்ணக்கர் என்றனர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் முதலிய சங்கப் புலவர் பெயர்களில் அச்சொல் நின்று நிலவுகின்றது. திருமுதுகுன்றத்திற் பெற்ற பன்னீராயிரம் பொன்னினின்றும் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டு உரைப்பித்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாறும் ஈண்டு நினைக்கற்பாலது. கல்வெட்டுக்களில் வரும் தீப்போக்குச் செம்பொன், அன்றாடு நற்காசு என்னுந் தொடர்களும் இக்கருத்தினவே. தஞ்சைப் பெரிய கோயிலிற் பொன் நிறுத்த கல்லிற்கு ஆடவல்லான் என்றே பெயர் வழங்கிற்று.

மாற்றும் நிறையும் வணிகன் நாடுவன. வரலாறு நாடுவார்க்கோ பொறியும் எழுத்துமே உயிராவன. இதனை யான் கற்றது என் பிழையினாலேயாம். இளமையில் மடத்திற் பாடங்கேட்ட நாளில், உழவர் ஒருவர் வயலிற் கிடைத்த செப்புக்காசு ஒன்றை எனக்குத் தந்தார். பசுங்களிம்பேறிய அதனைப் புளியுஞ் சாம்பலுமிட்டுத் தேய்த்தேன். காசு பொன்போல் ஒளிர்ந்தது. ஒருபுறம் நின்ற உருவமும், மறுபுறம் இருந்த உருவமும் நிழல்போல் எஞ்சின. இருந்த உருவின் அருகே நின்ற நாகரி எழுத்துக்கள் ஒழிந்தன. அவ்விரண்டு உருவமும் ஸ்ரீராஜராஜ என்னும் எழுத்தும் உடையன, 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் காசுகள் என்று பின்னரே கற்றேன். பிற்காலத்து ஈழவேந்தரும் அவ்வுருவமைதியைப் பின்பற்றிக் காசு அடித்தமையால், எழுத்தழிந்த காசு இன்னார் காசென்று துணிதல் அரிதாயிற்று. வணிகர் கேட்ட வாசியைச் சிறிது பொருள் கொடுத்துத் தீர்க்கலாம். யான் விளைத்த வாசியைத் தீர்ப்பது எங்ஙனம்?

ஆதலின் காசு தேடும் அன்பர் சில அறிந்துகொள்க. களிம்பு காசிற்குக் கவசமாம். அதனைத் தேய்த்தல் ஆகாது. பழங்காசு சம்மட்டியால் அடிக்கப்பட்டதாகலின், பொறி ஒருபால் ஒதுங்கி எழுத்துப் பாதி விழாது நிற்றல் பெருவழக்கு; அதனை அரிய பிழையென்று கூறி மிகுவிலை கேட்பாரை நம்பற்க. விளிம்பிற் பொருத்துவரையும், மேனியில் நுண்குழிகளும் காணின், வார்த்தெடுத்த போலியோவென்று ஐயுறுக. ஷெல்டன் என்னும் அமெரிக்கர் 1949இல் வகுத்த, 1 முதல் 70 வரை எண்ணிட்டுத் தரங்குறிக்கும் முறை இன்று பலவிடத்தும் பரவியுளது. அது தேய்வை அளக்கும். காசு கூறும் வரலாற்றை அளவாது. புதுக்கோட்டைச் சீமையில் 1898இற் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளுட் பெரும்பாலன, அரசன் தலைமேல் உளிவெட்டுப் பட்டவை. விலைகூறுவார்க்கு அது குறை. ஆராய்வார்க்கோ, அக்காசு இந்நாட்டில் எவ்வாறு கொள்ளப்பட்டதென்று வினவச்செய்யும் சான்று.

திருப்பணிக்கு நிலம் அகழுங்கால் வெளிப்படும் செப்புக்காசுகளை உருக்கிப் பாத்திரமாக்குவாரும் உளர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தியும், சேது என்னுந் தமிழெழுத்தும் பொறித்த காசுகள் வெளியிட்டனர். அத்தகையதொன்று உலைவாய்ப் படின், சைவ அரசொன்றின் கைச்சாத்து அழிந்ததாகுமன்றோ! கிடைத்த இடமும் நாளும் குறித்து, 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி உரியோரிடம் ஒப்புவித்தலே முறை.

பிள்ளையார் காசின் வாசியை இறைவர் தீர்த்தருளினர். நம் அறியாமையால் வரும் வாசியை நாமே தீர்த்தல் வேண்டும்.