நிலாப் படங்களும் சந்தேகமும்: ஏற்காடு முதல் விக்ரம் வரை

மனிதன் நிலாவில் இறங்கவே இல்லை, எல்லாம் ஸ்டுடியோவில் எடுத்த படம் என்ற பேச்சு, அமெரிக்கரான பில் கேசிங் 1976-ல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு பரவலானது. அது இன்றுவரை ஓயாததற்கு ஒரு காரணம், சொந்தக் கேமராவில் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை என்பது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், தெளிந்த இரவில் 10 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்திப் படமெடுத்தாலும், நிலாவில் சுமார் 2 கிலோமீட்டருக்கும் சிறிய பள்ளங்கள் தெளிவாகத் தெரியா. அப்பல்லோ விட்டுவந்த இறங்குகலமோ கால்களையும் சேர்த்து ஏறத்தாழ 9 மீட்டர் அகலம்தான். ஹப்பிள் தொலைநோக்கிக்கும் அது எட்டாது. கைபேசிப் படத்தையும் அப்படியே நம்ப முடியாது. வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் காட்டிய நிலாவைக்கூட, சாம்சங் கைபேசி ஒன்று பள்ளங்களோடு தெளிவாக்கிக் காட்டியது 2023-ல் சர்ச்சையானது.

ஆகவே நிலாவைச் சுற்றிவரும் கலங்களின் படங்களே சான்று. நாசாவின் எல்.ஆர்.ஓ. சுற்றுகலம் 2009-ல் அப்பல்லோ தளங்களைப் படமெடுத்தது. அதுவும் நாசாவின் படம்தானே என்றனர் சந்தேகப்பட்டவர்கள். 2021-ல் இந்தியாவின் சந்திரயான்-2 சுற்றுகலமும் அப்பல்லோ 11 இறங்கிய இடத்தைப் படம்பிடித்தது.

சேலம் வட்டாரத்தில் இன்னொரு வகைச் சான்று உண்டு. ஏற்காடு உள்ள சேர்வராயன் மலைக்குத் தென்மேற்கே, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை, நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. இஸ்ரோ இதை அரைத்து நிலாமண்ணுக்கு மாற்றாக மண் தயாரித்தது. அந்த மண் அப்பல்லோ 16 கொண்டுவந்த மண்ணோடு ஒப்பிடப்பட்டது. இம்முயற்சியில் சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் பங்கேற்றது.

அதிகாரபூர்வப் படத்தைச் சாமானியர் சோதித்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். 2019 செப்டம்பர் 7 அன்று நிலாவில் இறங்கும்போது சந்திரயான்-2-ன் இறங்குகலமான விக்ரம் தொடர்பை இழந்தது. சுற்றுகலம் விக்ரமைக் கண்டுபிடித்துவிட்டதாக இஸ்ரோ அறிவித்தது. ஆனால் படம் வெளியிடவில்லை. செப்டம்பர் 17 அன்று எல்.ஆர்.ஓ. எடுத்த படங்களை அந்த மாத இறுதியில் நாசா பொதுவில் வைத்தது. சூரியன் தாழ்ந்திருந்த நேரம் என்பதால் நிழல்கள் நீண்டு கிடந்தன. சண்முகம் பழைய படத்தையும் புதிய படத்தையும் இரண்டு மடிக்கணினிகளில் அருகருகே வைத்து ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரே ஒரு வெண்புள்ளி, அதாவது ஒரு பிக்சல், அவர் கண்ணில் பட்டது. நிலாத் தரையில் அது வெறும் 1.3 மீட்டர். நாசாவுக்குத் தெரிவித்தார். அக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த படங்களோடு சரிபார்த்த நாசா, டிசம்பர் 2 அன்று அது விக்ரமின் சிதறல்தான் என்று உறுதிசெய்து, கண்டறிந்தவர் அவரே என்று அறிவித்தது. விக்ரம் மோதிய முக்கிய இடத்திலிருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டரில் அந்தச் சிதறல் கிடந்தது. தங்கள் சுற்றுகலம் விக்ரமை முன்பே கண்டுவிட்டது என்றார் அப்போதைய இஸ்ரோ தலைவர் கே. சிவன்.

சந்தேகத்தைத் தீர்ப்பது மறுப்பறிக்கை அல்ல, மூலப் படத்தை எவரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடுவதுதான் என்பதற்கு இதுவே சான்று. சந்திரயான்-2 தரவுகளை இஸ்ரோவும் 2020 டிசம்பரிலிருந்து பொதுவில் வெளியிட்டுவருகிறது.