தக்காளிக்கு வேலை பார்க்கும் கிருமிகள்

உளுந்தும் தட்டைப்பயறும் கொடுத்து வைத்தவை. வேரிலே முடிச்சு, முடிச்சுக்குள்ளே ரைசோபியம் பாக்டீரியா. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது அதன் வேலை. தக்காளிச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள், அப்படி எதுவும் இருக்காது. (முடிச்சு தெரிந்தால் அது நூற்புழு கட்டியது. வரவில் அல்ல, செலவில் எழுத வேண்டியது!)

இந்த வித்தியாசத்தால் தக்காளி எவ்வளவு காலம் காத்திருந்தது தெரியுமா?

பயறுச் செடி முடிச்சின் மூலம் நைட்ரஜன் பெறுகிறது என்று ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1888ல் நிரூபித்தார்கள். அதே வருடம் ஹாலந்தில் பெய்ஜரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். 1896லேயே நோபேயும் ஹில்ட்னரும் காப்புரிமை வாங்கி 'நைட்ராஜின்' என்ற பெயரில் அதைச் சரக்காக்கி விட்டார்கள். பி.காம். படிக்கும் எனக்கு இது ஆச்சரியம்தான். ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு வர எட்டே வருடம்! ஆனால் பயறு விதைப்பவருக்குத்தான் அதில் லாபம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்காரர்களுக்கு ஒன்றுமில்லை. 1913ல் ஜெர்மனியின் ஓப்பாவில் காற்றிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் தொழிற்சாலை ஓடத் தொடங்கியதும் எல்லோரும் மூட்டை உரத்தின் பக்கம் சாய்ந்தார்கள்.

நடுவில் சோவியத் யூனியனில் ஒரு முயற்சி நடந்தது. அசோட்டோபாக்டரின், பாஸ்போபாக்டரின் என்ற நுண்ணுயிர் உரங்களை லட்சக்கணக்கான ஏக்கரில் போட்டார்கள். மகசூல் கூடியதாக அறிக்கைகள் வந்தன. பிற்பாடு அமெரிக்காவில் சோதித்தவர்களுக்கு அந்தப் பலன் நிலையாகக் கிடைக்கவில்லை. நுண்ணுயிர் உரம் என்றாலே சந்தேகமாகப் பார்க்கும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

முடிச்சில்லாத செடிகளின் பக்கம் காற்று திரும்பியது 1970களில், பிரேசிலில். யொஹானா டோபரெய்னர் என்ற பெண் விஞ்ஞானி, புல் வகைகளின் வேரை ஒட்டி வாழ்ந்து நைட்ரஜன் பிடிக்கும் ஒரு பாக்டீரியாவை ஆராய்ந்தார். பெய்ஜரிங்க் 1920களிலேயே பார்த்து வைத்ததுதான். 1978ல் அதற்கு அசோஸ்பைரில்லம் என்று பெயர் வைத்தார்கள். ஆக, நைட்ராஜினுக்குப் பிறகு எண்பது வருடத்துக்கு மேல்!

சுவாரஸ்யம் இனிமேல்தான். நைட்ரஜன் தரும் என்று நம்பி எடுத்துக்கொண்ட இந்த பாக்டீரியா, செடிக்குக் கொடுக்கும் நைட்ரஜன் கொஞ்சம்தான் என்று தெரிய வந்தது. ஆனாலும் செடி நன்றாக வளர்ந்தது. எப்படி? அது சுரக்கும் வளர்ச்சி ஊக்கிகளால் வேர் அதிகமாகக் கிளைக்கிறது. மண்ணில் இருக்கும் சத்தும் தண்ணீரும் கூடுதலாக உள்ளே போகின்றன. 1987ல் இஸ்ரேலில் ஹடாஸும் ஓக்கானும் தக்காளி நாற்றை வைத்தே இந்த வேர் வளர்ச்சியை ஆராய்ந்தார்கள். பல நாடுகளில், பல பயிர்களில் இருபது வருடம் நடந்த வயல் சோதனைகளை 1994ல் தொகுத்தபோது, 60 முதல் 70 சதவீதச் சோதனைகளில் பலன் தெரிந்தது. மகசூல் உயர்வு 5 முதல் 30 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு பங்கு சோதனைகள் தோல்வி. விளம்பரத்தில் இதைப் போட மாட்டார்கள்.

வேர் எவ்வளவு நீண்டாலும் மண்ணில் சரக்கு இருக்க வேண்டுமே? இங்கேதான் ஆல்பர்ட் ஹோவர்ட் நினைவுக்கு வருகிறார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த ஆங்கிலேயர். பயிர்க்கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கி, கிளறிவிட்டு, மூன்று மாதத்தில் மட்கிய உரமாக்கினார். யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931ல் புத்தகமும் எழுதினார். அவர் எந்தக் கிருமியையும் டப்பாவில் அடைத்து விற்கவில்லை. மண்ணில் ஏற்கனவே இருப்பவற்றுக்குச் சாப்பாடு போட்டார், அவ்வளவுதான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தக்காளிப் பரிந்துரையைப் பாருங்கள். எக்டேருக்கு அசோஸ்பைரில்லம் 2 கிலோ, பாஸ்போபாக்டீரியா 2 கிலோ, தொழுவுரம் 25 டன். (ரசாயன உரமும் அதே பட்டியலில் உண்டு.) 25 டன்னுக்கு 4 கிலோ! கிருமி பாக்கெட்டைப் பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டு வந்துவிடலாம். தொழுவுரத்துக்கு மாடு வேண்டும், வண்டி வேண்டும், ஆள் கூலி வேண்டும். சிக்கனம் பார்க்கிறவர் எதை விடுவார்? தொழுவுரத்தைத்தான். பாக்கெட்டில் இருக்கும் அசோஸ்பைரில்லம் உயிருள்ளது, வெயிலில் கிடந்தால் செத்துவிடும். பிழைத்து மண்ணுக்குப் போனாலும் அங்கே அது உயிர்வாழக் கரிமப்பொருள் வேண்டும். அந்த 25 டன்னை விட்டுவிட்டு 4 கிலோவை மட்டும் போடுவது, முதல் இல்லாமல் கடைக்குக் கணக்குப்பிள்ளையை மட்டும் வேலைக்கு வைப்பது மாதிரி.